பதினேழு, பதினெட்டு

புனிதப் பயணம் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் எங்கள் போதகர் ஒரு கூட்டம் போட்டு, ஆளுக்கு இரண்டு பக்கம் அச்சடித்த தாள் கொடுத்தார். மேலே ‘என்ன எதிர்பார்க்கலாம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நடை அதிகம் இருக்கும், பழகிய காலணியைப் போட்டு வாருங்கள். ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கழிப்பறையைப் பார்த்தால் போய்விட்டு வந்துவிடுங்கள், அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆண்டவருடைய கல்லறைக்குள் அரை நிமிடம் நிற்க இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கடைசி வரி இது: சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு ஒன்றுமே தோன்றாது, இரண்டுக்கும் பயப்பட வேண்டாம்.

எனக்கு அந்தத் தாளில் ஒரே ஒரு குறைதான். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இறங்குவது, எத்தனை மணிக்கு ஏறுவது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. நான் பஸ் டிப்போவில் முப்பத்து மூன்று வருடம் டைம் கீப்பராக இருந்தவன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டி கேட்டைத் தாண்டாது. சபையில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, ‘டைம் சார்’ என்றுதான் சொல்வார்கள். ஆராதனை ஐந்து நிமிடம் தாமதமாக ஆரம்பித்தால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அங்கே போய் இறங்கிய முதல் நாள் பஸ்ஸில் போதகர் தலைகளை எண்ணினார். முப்பத்தாறு பேர் போயிருந்தோம். அவர் எண்ணியபோது முப்பத்து நான்கு வந்தது. கீழே விழுந்த கண்ணாடியை எடுக்க இரண்டு பேர் குனிந்திருந்தார்கள். மறுபடி எண்ணினார், முப்பத்தேழு. வழிகாட்டியையும் சேர்த்து எண்ணிவிட்டார். மனுஷனுக்கு வேதம் தலைகீழாகத் தெரியும், ஆள் எண்ணத் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, இதை என்கிட்ட விட்டுடுங்க” என்று எழுந்துவிட்டேன்.

ஆளுக்கு ஒரு எண் கொடுத்தேன். போதகர் ஒன்று என்று ஆரம்பித்து வைத்தால், வரிசையாக அவரவர் எண்ணை அவரவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். நாற்பது வினாடியில் வேலை முடிந்துவிடும். நான் பதினேழு. என் மனைவி பதினெட்டு.

வழிகாட்டி எந்த நேரமும் ஒரு மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், அதனால் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. ஊரிலிருந்தே எங்களோடு வந்தவர். அவர் என் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, “பதினாறு வருஷமா குரூப் கூட்டிட்டு வரேன் சார், இப்படி ஒரு ஆளைப் பாக்கல” என்றார். பொய் சொல்வானேன், எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒற்றை இருக்கையை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். மனைவி ஆறாவது வரிசையில் பாட்டு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு டீச்சர் எங்கள் சபைப் பாடகர் குழுவை நடத்துகிறவர், நல்ல குரல். என் மனைவிக்கு அதற்கு நேர்மாறு. முதல் தடவை அவள் பதினெட்டு என்று சொன்னது யார் காதிலும் விழாமல், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அடுத்த தடவையிலிருந்து நானே ஒரே மூச்சில் “பதினேழு, பதினெட்டு” என்று சொல்லிவிட்டேன். அதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை, அவளும்தான்.

எங்கள் வீட்டில் எப்போதும் இதுதான் நடப்பு. டாக்டர் அவளைப் பார்த்து “தூக்கம் எப்படிம்மா?” என்று கேட்டால் நான் “நல்லா தூங்குவா டாக்டர்” என்பேன். மகள் போன் செய்து “அம்மா எப்படிப்பா இருக்காங்க?” என்றால், “இருக்கா, நல்லா இருக்கா” என்று நானே சொல்லி வைத்துவிடுவேன். இந்தப் பயணத்திலும் அவளுடைய பாஸ்போர்ட், போன், மாத்திரை எல்லாம் என் இடுப்புப் பையில்தான் இருந்தன. அவளிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவாள் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். அவள் இதுவரை எதையும் தொலைத்ததில்லை என்பது இதை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

மூன்றாம் நாள், ஏரிக்கரையில், எங்கள் சபைப் பேக்கரிக்காரர் ஆறு நிமிடம் தாமதமாக வந்தார். படகுத்துறையில் நின்று ஜெபம் பண்ணினாராம். “ஜெபத்தை ஆறு நிமிஷம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா ஆண்டவர் வேண்டாம்னா சொல்லிருப்பார்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டு தன் இருக்கைக்குப் போனார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த இடங்களில் ஒன்றுமே தோன்றவில்லை. மலை மேல் மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆற்றில் இறங்கி நின்று விம்மினார்கள். நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில்தான் போட்டிருக்கிறதே, பயப்பட வேண்டாம் என்று. நானும் பயப்படவில்லை.

ஐந்தாம் நாள் ஆண்டவர் பிறந்த ஊருக்குப் போனோம். குனிந்தால்தான் நுழைய முடியும் என்கிற சின்னக் கல்வாசல், உள்ளே மெழுகுப் புகை, முன்னால் நிற்பவர் முதுகைத் தவிர எதுவும் தெரியாத வரிசை. அது முடிந்ததும் குடைக்காரர் பக்கத்திலிருந்த பாறைக் குகைகளுக்கு எங்களை இறக்கிக்கொண்டு போனார். பிறந்த ஆண்டவரைக் கொல்லத் தேடி அந்தக் காலத்து ராஜா வெட்டிப் போட்ட குழந்தைகளின் நினைவாக ஒரு சின்ன அறையை அங்கே ஜெபத்துக்கு வைத்திருக்கிறார்கள். தலை இடிக்கிற கூரை, ஒரு கல் பீடம், மெழுகுவர்த்தி நடும் மணல் தட்டு, இரண்டு மர பெஞ்சு. “பத்து நிமிஷம்” என்றார் குடைக்காரர்.

பத்து நிமிடம் முடிந்தது. எல்லோரும் படியேறி மேலே போனார்கள். என் மனைவி மட்டும் பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“போதும், வா” என்றேன்.

“நீங்க போங்க, வரேன்.”

தெருவில் பஸ்ஸை நிறுத்தி வைக்க விடமாட்டார்கள், போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். அதனால் முற்றத்திலேயே எண்ணிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒன்று, இரண்டு என்று கடகடவென ஓடியது. பதினாறு முடிந்ததும் வழக்கம்போல் வாய் தானாகப் “பதினேழு, பதினெட்டு” என்றது. பத்தொன்பது, இருபது... முப்பத்தாறு. ரைட், கிளம்பு.

பஸ் ஐம்பது நிமிடம் ஓடி, மதியச் சாப்பாட்டுக்கு ஓர் இடத்தில் நின்றது. சாப்பாட்டுக்கு முன்னால் அவளுக்கு ஒரு மாத்திரை உண்டு. நான் அட்டையைப் பிரித்துக்கொண்டே எழுந்து திரும்பினேன். “இந்தா, மாத்திரை.”

பாட்டு டீச்சர் பக்கத்து இருக்கையில் அவருடைய பைதான் உட்கார்ந்திருந்தது.

“அண்ணா, அக்கா முன்னாடி உங்ககூட இல்லையா?”

“என்கூட எங்க இடம் இருக்கு? உங்ககூடத்தான இருப்பா?”

“எண்ணிக்கை சரியா இருந்துச்சே, அதனால உங்ககூட முன்னாடி நிக்கறாங்கன்னு நினைச்சுட்டேன்.”

பேக்கரிக்காரர் எழுந்தார். “சார், நீங்கதானே பதினெட்டு சொன்னீங்க?” அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். ஏரிக்கரையில் நான் பேசின பேச்சுக்கு அந்த மனுஷன் அங்கே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அவளுடைய போன் உள்ளே இருந்தது, பாஸ்போர்ட் இருந்தது. ஹோட்டல் பெயர் போட்ட அட்டைகூட இரண்டு பேருடையதும் என்னிடமேதான். மொழி தெரியாத ஊரில், கையில் ஒன்றும் இல்லாமல், அறுபத்து மூன்று வயதுப் பொம்பிளையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதுவும், அவள் வந்துவிட்டாள் என்று நானே சாட்சி சொல்லிவிட்டு.

குடைக்காரர் அந்த ஆலயத்துக்குப் போன் போட்டார். மதிய நேரத்தில் கதவைப் பூட்டிவிடுவார்களாம், யாரும் எடுக்கவில்லை. அவரே ஒரு டாக்ஸி பிடித்தார். போதகர் என் தோளில் கை வைத்து, “போய்க் கூட்டிட்டு வாங்க. எத்தனை மணி ஆனாலும் நாங்க இங்கேயே இருக்கோம்” என்றார்.

“அடுத்த இடம் நாலு மணிக்கு மூடிடுவாங்களே ஐயா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

டாக்ஸியில் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கூப்பிட்டபோதே வந்திருந்தால் இந்தக் கூத்து உண்டா? கொஞ்ச தூரம் போனதும் கோபம் வடிந்து, பயம் பிடித்துக்கொண்டது. அவள் தெருவில் இறங்கி எங்களைத் தேடி எங்கேயாவது போயிருந்தால்? குடைக்காரர், “அம்மா அங்கேயே இருப்பாங்க சார், இவங்க நல்ல ஜனங்க” என்று ஆறுதல் சொன்னார். “ஆனா ஏன் சார் மேல வராம இருந்தாங்க? எல்லாரும் அந்தக் குகையில ரெண்டு நிமிஷம் நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க.”

தெரியவில்லை என்று சொன்னேன். எனக்குத் தெரியும்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு முதலில் ஒரு மகன் பிறந்தான். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அவளுக்கு இரத்தம் நிற்காமல் போய், மறுநாள் வரை மயக்கத்தில் கிடந்தாள். பிள்ளைக்கு இருதயத்தில் கோளாறு, நான்கு மணி நேரம்தான் இருந்தான். நர்ஸ் என்னிடம், “அம்மா முழிக்கிற வரைக்கும் வெச்சிருக்கலாமா? அவங்க ஒரு தடவை பாக்க வேண்டாமா?” என்று கேட்டார். “வேண்டாம் சிஸ்டர், அவ தாங்க மாட்டா” என்று நான் சொன்னேன். அன்று சாயங்காலமே அடக்கம் செய்தாகிவிட்டது. அவள் கண் விழித்ததும் ஒரே ஒரு தடவை கேட்டாள், பிள்ளை எப்படி இருந்தான் என்று. “துணியில சுத்தித்தான் கொடுத்தாங்க. நானும் பாக்கல. அதைப் பத்தி இனிமே பேச வேண்டாம்” என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். அந்த மகளுக்குக்கூடத் தனக்கு முன்னால் ஒருவன் பிறந்தான் என்பது தெரியாது.

ஆலயக் கதவு பூட்டியிருந்தது. குடைக்காரர் தட்டோ தட்டென்று தட்ட, ஒரு பெரியவர் வாயில் எதையோ மென்றுகொண்டே வந்து திறந்தார். இவர் அவருடைய மொழியில் கேட்க, அவர் கீழே கையைக் காட்டினார். பூட்டுகிற நேரத்தில் எழுப்பிப் பார்த்தாராம், எழுந்திருக்கவில்லையாம், அழுகிறவர்களைத் தான் வெளியே அனுப்புவதில்லை என்று விட்டுவிட்டாராம். எனக்கு உயிர் வந்தது. “நீங்க மட்டும் போங்க சார்” என்று குடைக்காரர் மேலேயே நின்றுகொண்டார்.

அவசரமாக இறங்கியதில் கூரை நெற்றியில் இடித்தது. அவள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

“உனக்கு அறிவு இருக்கா?” என்றுதான் ஆரம்பித்தேன். வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது. “தனியா, கையில ஒண்ணும் இல்லாம... எனக்கு உசிரே போயிடுச்சு. கூப்பிட்டா மேல வர மாட்டியா?”

“வந்தேன். படி வரைக்கும் வந்தேன். அங்க நீங்க எண்ணிட்டு இருந்தீங்க. பதினேழு, பதினெட்டுன்னு நல்லா கேட்டுச்சு. சரி, நான் வந்தாச்சு போலன்னு திரும்பி இறங்கிட்டேன்.”

கேலியாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கோபமும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றியில் இடித்த இடம் வலித்தது. “சரி விடு, என் தப்புதான். வா, எல்லாரும் சாப்பிடாம காத்துட்டு இருக்காங்க.”

“நான் வரல.”

“வரலைன்னா?”

“ஒரு விஷயம் கேக்கணும். சொல்லுங்க, வரேன். அதைப் பேச வேண்டாம்னு மறுபடியும் சொன்னீங்கன்னா, என் பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டு நீங்க போங்க. நான் எப்படியோ வந்துக்கறேன். ஆனா உங்ககூட வர மாட்டேன். இந்த பஸ்ஸை மட்டும் சொல்லல.”

நாற்பது வருட வாழ்க்கையில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாக ஒரே மூச்சில் பேசியதில்லை. என் கை தானாக இடுப்புப் பைமேல் போயிற்று. அவள் மிரட்டவில்லை, முடிவு செய்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

“கேளு.”

“அவன் முகம் எப்படி இருந்துச்சு?”

நானும் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்பே சொன்ன பொய், புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டியதில்லை. அவளும் நம்பியிருப்பாள், எழுந்து வந்துமிருப்பாள். என் வாய்வரைக்கும் வந்துவிட்டது அது. ஆனால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தேன்” என்றேன்.

“என்ன?”

“அவனைப் பாத்தேன். பாக்கலன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்.”

“எவ்வளவு நேரம்?”

“பதினொன்னு பத்துக்கு என் கையில கொடுத்தாங்க. மூணு அஞ்சுக்கு முடிஞ்சுது. அவ்வளவு நேரமும் என் கையிலதான் இருந்தான். கீழ வைக்கல.”

அவள் கை முஷ்டியாக மடங்கி என் தோளில் விழுந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு நெஞ்சில். எனக்கு நிஜமாகவே வலித்தது. “முப்பத்தெட்டு வருஷமா நீங்க மட்டும் வெச்சிருந்தீங்களா?” என்று கத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். “எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்காம, நீங்க மட்டும் வெச்சிருந்தீங்களா?” படியில் குடைக்காரரின் காலடிச் சத்தம் வேகமாக இறங்கிவந்து, பாதியில் நின்று, மெதுவாகத் திரும்பி ஏறிப் போயிற்று.

“தப்பு பண்ணிட்டேன்” என்றேன். “நீ தாங்க மாட்டேன்னு அந்த சிஸ்டர்கிட்ட சொன்னேன். தாங்க முடியாதவன் நான். நீ அவனைப் பாத்து அழறதைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. அதனால உனக்கு வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். அப்புறம் ஒரு நாள் சொல்லலாம், ஒரு நாள் சொல்லலாம்னு தள்ளித் தள்ளி, எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியாமப் போச்சு.” எனக்கு அழுகை வந்தது. மூக்கு ஒழுக, துடைக்கத் துணிகூட எடுக்காமல் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தேற்றக்கூடாதுதான்.

“சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். தலை நிறைய முடி, ஈரமாக நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது காது மேலே மடங்கியிருந்தது, நான் விரலால் நீவிவிட்டால் நிமிரும், விட்டால் மடங்கிக்கொள்ளும். தாடை அப்படியே அவளுடையது, அச்சு அசல். நகம் நீளமாக இருந்தது. என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தான், பிடி அவ்வளவு லேசாக இல்லை. நான் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நிறம்? புருவம் இருந்ததா? கண்ணைத் திறந்தானா? ஒரு கண்ணை மட்டும் பாதி திறந்தான் என்றேன். எனக்கு எதுவுமே மறந்திருக்கவில்லை.

“அழுதானா?”

“ஒரே ஒரு தடவை.”

“எப்படி அழுதான்?”

“எப்படின்னா... சத்தமா இல்ல. சின்னதா.”

“சின்னதான்னா எப்படி? எனக்குத் தெரியணும்.”

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வார்த்தையால் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அவள் காத்திருந்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, உதட்டைக் குறுக்கி, அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். அறுபத்தெட்டு வயது ஆள், கட்டைக் குரல், முதல் தடவை எருமைக் கன்று மாதிரி வந்தது. இல்லை, இப்படி இல்லை என்று நானே நிறுத்தி, மூச்சை அடக்கி, இன்னும் மெல்லிசாக மறுபடி போட்டேன். அது வந்துவிட்டது. அன்றைக்கு என் கையில் கேட்ட அதே சத்தம் என் வாயிலிருந்து வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு கையும் மேல் நோக்கி விரிந்திருந்தன.

“இன்னொரு தடவை” என்றாள்.

நான் இன்னொரு தடவை அழுது காட்டினேன்.